முற்பகல் விருந்து

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். பின்னர் அஃது இல்லத்துக்குப் புதிதாய் வருவாரைக் குறித்தது. அவருக்கு இடும் உணவைக் குறித்தது அதற்கும் பின்னரே. இன்று நாம் உணவையே பெரிதாகக் கொண்டு, வந்தவரை மறந்துவிடுகின்றோம். திருக்குறளில் விருந்தோம்பல் அதிகாரத்துப் பத்துக் குறள்களுள் சமைத்த பண்டம் ஒன்றன் பெயரேனும் இல்லை. முகத்தைப் பற்றியோ இரண்டு குறள்கள் பேசுகின்றன.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் உறவினர் சிலர் நம் இல்லம் வருகின்றனர் எனக் கொள்வோம். பத்து மணிக்கு மேல் இடும் உணவு காலையுணவாகவும் நண்பகலுணவாகவும் அமையும். 1895ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டினரான கை பெரிங்கர் என்பார் இவ்விரண்டையும் ஒன்றாக்கும் உணவைப் புகழ்ந்து ஒரு கட்டுரை வரைந்தார். 'பிரஞ்ச்' என்று இக்காலத்தார் வழங்குவது அதனையே. அது பேச்சைத் தூண்டும் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று.

ஆனால், நம் இல்லங்களில் பேசவேண்டியவர் அடுப்படியில் அன்றோ நிற்கின்றார்? தோசையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சுவையைக் குறைகூற எனக்கு மனமில்லை. எனினும், அது கல்லிலிருந்து நேரே இலைக்கு வரவேண்டிய பண்டம். எண்மர் உண்ண, ஒருவர் இருபது முறையேனும் மாவை வார்த்துத் திருப்பி எடுத்தல் வேண்டும். அவ்வொருவர் பெரும்பாலும் அன்னையாரே. கூடத்தில் சிரிப்பொலி எழுகின்றது. அதன் காரணம் அவருக்குத் தெரியாது. எல்லாரும் கைகழுவிய பின்னர், ஆறிய சாம்பாருடன் அவர் தனித்து உண்கின்றார். இதனை விருந்தோம்பல் என்று கூற என் உள்ளம் ஒப்பவில்லை.

ஆகவே, விருந்தினர் வருமுன்னரே வேலை முடியும் பண்டங்களைத் தேர்தல் வேண்டும். அவற்றுள் தலையாயது வெண்பொங்கல். பச்சரிசி ஒரு பங்கு, பாசிப்பருப்பு அரைப்பங்கு. பருப்பை மணம் எழும் அளவு வறுத்து, அரிசியுடன் கழுவி, அரிசியைப்போல் ஐந்து மடங்கு நீரும் வேண்டிய உப்பும் இட்டுக் குழைய வேகவைக்க வேண்டும். மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, முந்திரிப்பருப்பு ஆகியவற்றை நெய்யில் தாளித்துக் கொட்டிக் கிளறினால் பொங்கல் ஆயிற்று. அஃது ஆற ஆற இறுகும். பரிமாறுமுன் ஒரு கரண்டி வெந்நீர் விட்டுக் கிளறினால் மீண்டும் இளகும். இந்நுணுக்கத்தை அறியாதவரே பொங்கலை முன்னதாகச் சமைக்க அஞ்சுவர்.

இட்டிலிக்கும் முதல்நாளே மாவரைத்து வைக்கலாம். ஓர் ஈடு பத்து நிமிடங்களில் வெந்துவிடும். துணியிட்டு மூடிவைத்தால் மென்மை கெடாது. தேங்காய்ச் சட்டினியை மட்டும் வெகு முன்னதாக அரைத்தல் கூடாது. வெயிற்காலத்தில் அது விரைவில் கெடும்.

இனிப்புக்கு அவல் போதும். அதற்கு அடுப்பே வேண்டுவதில்லை. மெல்லிய அவலை நீரில் அலசி உடனே வடித்து, பொடித்த வெல்லம், தேங்காய்த்துருவல், ஏலப்பொடி சேர்த்துப் பிசறினால் ஆயிற்று. மாணவர்களே, இதனை நீங்களே செய்யலாம். நீர்மோர் கலப்பதும் அத்தகையதே. இவை மகளிர்க்கே உரிய வேலைகள் என்று ஆண்பிள்ளைகள் ஒதுங்குதல் வேண்டா.

இலை போடும்பொழுது அன்னையார்க்கும் ஓர் இலை போடுங்கள். "நீங்கள் உண்ணுங்கள், நான் பிறகு உண்கிறேன்" என்று அவர் மறுப்பார். பொங்கல் பானையையும் இட்டிலிப் பாத்திரத்தையும் கூடத்துக்கே கொணர்ந்து வைத்துவிட்டால், அடுப்படிக்குத் திரும்ப அவருக்குக் காரணம் ஒன்றும் இராது.