இல்லத்திலிருந்தே தீரும் நோய்

மேற்கே குமுளி மலையும் கிழக்கே மேகமலையும் அரண்போல் நிற்க, இடையே முல்லைப்பெரியாறு பாய்ந்து வளம் பெருக்குவது கம்பம் பள்ளத்தாக்கு. கதிரவன் எழுமுன்னரே இங்குள்ள ஊர்களிலிருந்து ஜீப்புகள் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு, குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு ஆகிய வழிகளிற் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும். நாட்கூலியே இம்மக்களின் வாழ்வு. ஒருநாள் வேலை தவறின் அன்றைய அடுப்பும் தடுமாறும். இத்தகைய இல்லத்தில் ஒருவரைக் காசநோய் பற்றிக்கொண்டால், நோயினும் கொடிதாய்த் தோன்றுவது ஒரு வினா. வேலையையும் மக்களையும் விட்டு மருத்துவமனையிற் சென்று மாதக்கணக்காய்க் கிடக்க வேண்டுமோ என்பதே அது.

நம் நாட்டு மருத்துவர் இந்நோயைச் சயம் என்றும் என்புருக்கி என்றும் வழங்கினர். என்புருக்கி என்னும் பெயர் நோயாளியின் மெலிவைக் கண்முன் நிறுத்துவதே. ஆயினும் உருகுவது என்பு அன்று, தசையே. காசம் என்னும் சொல் இருமலைக் குறிக்கும். நோயின் முதற்குறியைச் சுட்டுதலால் இப்பெயரே பயன்மிக்கது. இந்நோய்க்குக் காரணம் ஒரு நுண்ணுயிர் என்பதை 1882-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள் இராபர்ட் கோக் என்னும் செருமானிய அறிஞர் வெளியிட்டார். நுரையீரற் காசமுடையார் இருமும்போதும் உரக்கப் பேசும்போதும் அக்கிருமி காற்றிற் கலந்து பிறரைச் சேர்கிறது. உண்கலத்தாலோ, தொடுதலாலோ, குலவழியாலோ அது வருவதன்று. இவ்வுண்மையை அறியாமையால் எத்தனையோ பெண்களின் திருமணம் தடைப்பட்டதுண்டு.

மருந்து காணப்படாத காலத்தில், தூய காற்றும் ஓய்வும் நல்லுணவுமே மருத்துவமாயின. 1928-இல் தாம்பரத்தருகே மருத்துவர் சௌரிமுத்து ஒரு சானடோரியம் நிறுவினார். அப்பெயரை அங்குள்ள புகைவண்டி நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. இத்தகைய இடங்களிற் படுக்கைகளோ சில, நோயாளரோ பல்லாயிரவர். பின்னர் மருந்துகள் தோன்றின. அம்மருந்துகளை ஏழைகளின் நெருக்கமான குடில்களில் வைத்துக் கொடுத்தாற் பலிக்குமா என்று பலரும் ஐயுற்றனர்.

இவ்வையம் தீர்க்க 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் ஒரு மருத்துவ மையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதற்குத் துணைநின்றன. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் மருத்துவர் முன்னின்று நடத்தினார். நோயாளரை இரு பகுதியினராக்கி, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மற்றவரைத் தம் வீடுகளிலும் இருக்கச் செய்தனர். இருசாரார்க்கும் ஓராண்டு ஒரே மருந்துகள் வழங்கப்பெற்றன. சானடோரியத்தார்க்கு ஊட்டமான உணவும் ஓய்வும் கிட்டின. வீட்டிலிருந்தோர்க்கு அவை வாய்க்கவில்லை. ஆனால் வீட்டிலிருந்தோர் மருந்தை ஒழுங்காய் உண்கின்றனரா என்று பணியாளர் சொல்லாமற் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரையும் ஆய்ந்தனர்.

1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தோரும் ஏறக்குறைய மற்றவரைப் போலவே குணமடைந்திருந்தனர்! உடனுறைந்த குடும்பத்தாரையும் பல்லாண்டு கவனித்ததில், வீட்டு மருத்துவத்தால் அவர்க்குக் கூடுதற் கேடு விளைந்ததாகக் காணப்படவில்லை. நோயைக் கண்டறியுமுன்னரே தொற்று பெரும்பாலும் நிகழ்ந்துவிடுகிறது. மருந்து தொடங்கியபின் தொற்றும் ஆற்றல் விரைவிற் குன்றுகிறது. இவ்வாய்வே உலகெங்கும் மருத்துவமுறையை மாற்றியது. அம்மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என வழங்கும்.

இன்று ஓராண்டு மருத்துவம் ஆறு திங்களாகச் சுருங்கியுள்ளது. முதலிரு திங்கள் நான்கு மருந்துகள்; அடுத்த நான்கு திங்கள் மூன்று. அவற்றுள் ரிஃபாம்பிசின் என்பது சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். அதைக் குருதியென்று அஞ்சி மருந்தை நிறுத்துவோர் உளர், அஞ்சவேண்டுவதில்லை. உண்மையான இடர் இரண்டாம் திங்களில் வருகிறது. அப்போது இருமல் நிற்கும், பசி எடுக்கும், உடல் தேறும். நோய் ஒழிந்ததென்று மருந்தை விடத்தோன்றும். எஞ்சிய கிருமிகளோ உள்ளே உறங்குகின்றன. இடையில் விட்டால் அவை மீண்டெழுவதோடு, அம்மருந்துகட்கு அடங்காதனவாகவும் மாறக்கூடும். அப்போது வேறு கடுமையான மருந்துகளை நாடவேண்டும். கண் மஞ்சளித்தல், ஓயாத வாந்தி, பார்வை மங்கல் ஆகியன தோன்றின் தாமே நிறுத்தாமல், உடனே மருத்துவரிடம் செல்லல் வேண்டும்.

இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக்குறைவு ஆகியவற்றுள் ஒன்று காணினும் சளியை ஆய்விக்க வேண்டும். பெரியகுளம், போடி, கம்பம் முதலிய ஊர்களின் அரசு மருத்துவமனைகளை அணுகலாம், க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. ஆய்வும் மருந்தும் அங்கு இலவசம். ஊட்டவுணவுக்கென 2018 முதல் திங்கள்தோறும் 500 ரூபாய் அளித்துவந்த நடுவணரசு, 2024 நவம்பர் முதல் அதனை 1000 ரூபாயாக உயர்த்தியது.

மருந்துண்ணும் முதற்கிழமைகளில் தொழிலாளி வீட்டிலிருப்பதே நன்று. நெருக்கியடித்துச் செல்லும் ஜீப்பில் இருமல் பலரைத் தொடும். பின் மருத்துவர் இசைவு பெற்று, காலை மாத்திரையை உண்டு மலையேறலாம். தோட்டத்திலேயே தங்க நேரின், முன்கூட்டியே தம் மருத்துவமனையில் தெரிவித்தால், மலைக்கப்பாலுள்ள இடுக்கி மாவட்டத்து மருத்துவமனையிலும் அதே மருந்து தொடரும்.