அட்வான்ஸ் கொடுக்கும் முன் சுவரையும் சோதியுங்கள்!

சென்னையில் பழைய ஃபிளாட் வாங்குபவர்கள், பத்திரத்தையும் வில்லங்கச் சான்றிதழையும் வக்கீலிடம் காட்டிவிடுகிறார்கள். சுவரையும் சீலிங்கையும் சிவில் இன்ஜினீயரிடம் காட்டத்தான் மறந்துவிடுகிறார்கள்.

புதுப் பெயின்ட் ஈரக்கசிவை மறைத்துவிடும். அதனால், மழை பெய்த மறுநாள் வீட்டைப் பாருங்கள். பாத்ரூமை ஒட்டிய சுவரில் உப்பு பூத்திருக்கிறதா, சீலிங் சிமென்ட் பெயர்ந்து கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று கவனியுங்கள். 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

ரெராவில் பதிவான திட்டங்களில், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்தால், பில்டர் 30 நாள்களில் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். அதைவிடப் பழைய வீடு என்றால், செலவு வாங்கியவர் தலையில்தான் விழும். எனவே, இன்ஜினீயரின் அறிக்கை கைக்கு வந்தபிறகே அட்வான்ஸ் கொடுங்கள். குறை இருந்தால் விலையைக் குறைத்துப் பேசவும் அது உதவும்.