மரச் சாமானில் மார்க்கர் கறையா? தேய்ப்பதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்!



இந்த இதழில் ஒரு சின்ன விஷயம் பற்றிப் பேசப் போகிறோம். சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். அதில் எங்கள் தவறும் இருக்கிறது. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு குழுவின் ஊக்குநர் வீட்டில் சிறுகடன் திட்டம் பற்றிப் பயிற்சி நடத்தினோம். சார்ட் பேப்பரில் எழுத 4 மார்க்கர் பேனா கொண்டு போயிருந்தோம். திரும்பும்போது 3 பேனாதான் பைக்குள் வந்தது. மீதி ஒன்று பாய்க்கு அடியில் கிடந்திருக்கிறது. மறுநாள் காலையில் 4 வயதுப் பேரன் அதை எடுத்து, தேக்கு பீரோவின் கதவில் ஒரு பெரிய பஸ் வரைந்துவிட்டான்.

அந்த பீரோ ஊக்குநர் அக்காவுக்குத் தாய் வீட்டுச் சீர். குழுவின் தீர்மானப் புத்தகம், கணக்கு நோட்டு, பணப்பெட்டி எல்லாம் அதில்தான் இருக்கிறது. குழந்தைக்கு முதுகில் இரண்டு அடி விழுந்தது. மருமகள் பயந்துபோய் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்தார். போகவில்லை. பக்கத்து வீட்டுப் பெண், "சானிடைசர் போடு, எங்க வீட்ல போச்சே" என்றார். அதை ஊற்றித் தேய்த்ததும் மை கரைந்தது. கூடவே பாலிஷும் கரைந்துவிட்டது. பஸ் போன இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் திட்டு. "மை இருந்திருந்தாகூட பரவாயில்ல மேடம், இப்போ கதவே போச்சு" என்று அக்கா எங்களிடம் வருத்தப்பட்டார்.

பக்கத்து வீட்டில் போன கறை இங்கே ஏன் போகவில்லை? பக்கத்து வீட்டுப் பெண் சொன்னது பொய்யா? இல்லை. அவர் வீட்டு அலமாரி சன்மைக்கா ஒட்டியது. இந்த பீரோ ஸ்பிரிட் பாலிஷ் போட்டது. இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் இத்தனை சண்டை வந்திருக்காது.

மார்க்கர் மை ஏன் தண்ணீரில் போகாது?

பெர்மனென்ட் மார்க்கர் மையில் மூன்று பொருட்கள் இருக்கின்றன. ஒன்று சாயம். இரண்டாவது, சாயத்தை ஒட்டவைக்கும் பிசின். மூன்றாவது, இவை இரண்டையும் கரைத்து வைத்திருக்கும் ஸ்பிரிட் போன்ற திரவம். எழுதியதும் திரவம் ஆவியாகிவிடும். சாயமும் பிசினும் மரத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிசின் தண்ணீரில் கரையாது. எது அதைக் கரைத்ததோ, அதே மாதிரி ஸ்பிரிட் பட்டால்தான் மறுபடி இளகும். சானிடைசரில் பெரும்பகுதி ஆல்கஹால், அதாவது ஸ்பிரிட்தான். அதனால்தான் அதில் மை கரைகிறது.

பழைய தேக்குச் சாமான்களில் போடும் ஸ்பிரிட் பாலிஷ் என்பது என்ன? அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவது. அரக்கு மரத்தில் வாழும் ஒரு சிறு பூச்சி தரும் பொருள். ஜார்க்கண்டில் நம்மைப் போன்ற பெண்கள் குழுக்கள் அரக்குப் பூச்சி வளர்ப்பைத் தொழிலாகவே செய்கிறார்கள். ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசிய அரக்கு, மறுபடி ஸ்பிரிட் பட்டால் கரையாமல் என்ன செய்யும்? மை போகும்போது பாலிஷும் சேர்ந்து போகும். பீரோவுக்கு நடந்தது இதுதான்.

முதலில் சோதித்துப் பாருங்கள்

கறையைத் தொடாதீர்கள். கதவின் கீழ் விளிம்பு, பின்பக்கம் என்று கண்ணில் படாத, ஆனால் அதே பாலிஷ் உள்ள ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பஞ்சில் கொஞ்சம் சானிடைசர் நனைத்து அங்கே வைத்து, ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள்.

- இடம் பிசுபிசுப்பாக இருந்தாலோ, பஞ்சில் பழுப்பு நிறம் வந்தாலோ, வெள்ளை பூத்தாலோ ஸ்பிரிட் பக்கமே போகாதீங்க.
- எந்த மாற்றமும் இல்லை என்றால் ஸ்பிரிட் பயன்படுத்தலாம்.

எந்தச் சாமானுக்கு என்ன செய்வது?

1. சன்மைக்கா ஒட்டியது: இது சுலபம். பஞ்சில் சானிடைசர் அல்லது ஸ்பிரிட் நனைத்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள். நடுவிலிருந்து வெளியே இழுத்தால் மை பரவும். பஞ்சு அழுக்கானதும் மாற்றுங்கள். கடைசியில் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். இன்னொரு வழியும் உண்டு. வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் கறையின் மேலேயே எழுதி, உடனே துணியால் துடையுங்கள். அதில் உள்ள திரவம் பழைய மையையும் இளக்கி எடுத்து வரும். வழவழப்பான பரப்பில் மட்டும்தான் இது பலிக்கும்.

2. வார்னிஷ் அல்லது பெயின்ட் அடித்தது: முதலில் வெள்ளைப் பற்பசை. ஜெல் வேண்டாம். ஈரத்துணியில் கொஞ்சம் எடுத்து, மரத்தின் ரேகை போகும் திசையிலேயே லேசாகத் தேயுங்கள். பற்பசையில் உள்ள நுண்ணிய பொடி, மேலே ஒட்டியிருக்கும் மையைச் சுரண்டி எடுக்கும். இரண்டு மூன்று நிமிடம் போதும். போகவில்லை என்றால் சிட்டிகை ஆப்ப சோடா சேர்த்துக்கொள்ளலாம். அழுத்தித் தேய்த்தால் பளபளப்பு மங்கிவிடும். மீதி இருப்பதற்கு, மேலே சொன்ன சோதனையில் தேறியிருந்தால் மட்டும் ஸ்பிரிட். நகப்பூச்சு எடுக்கும் திரவமும் தின்னரும் வேண்டவே வேண்டாம். பெயின்டும் வார்னிஷும் உரிந்து வரும்.

3. ஸ்பிரிட் பாலிஷ் போட்டது: பற்பசை மட்டும், அதுவும் மிக லேசாக. முழுதும் போகவில்லை என்றால் நிறுத்திவிட்டு, பாலிஷ் போடும் ஆசாரியைக் கூப்பிடுங்கள். அரக்கு பாலிஷில் ஒரு நல்ல குணம் உண்டு. புதிதாகப் பூசுவது பழைய பூச்சோடு கரைந்து ஒன்றாகிவிடும். அதனால் கெட்டுப்போன இடத்தை மட்டும் சரிசெய்ய முடியும். "முழுசா போட்டாத்தான் சரியா வரும்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்துக்கு மட்டும் என்ன கூலி என்று கேளுங்கள்.

4. எதுவும் பூசாத வெறும் மரம்: மை நாரில் இறங்கியிருக்கும். ஸ்பிரிட் ஊற்றினால் இன்னும் பரவும். உப்புத்தாள்தான் வழி. முதலில் 120 நம்பர், பிறகு 220 நம்பர். ரேகை வழியாகவே தேய்க்க வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: பிளைவுட் மேல் ஒட்டிய மரத்தோல் காகிதம் போல மெல்லியது. அதில் உப்புத்தாள் போட்டால் அடியில் இருக்கும் மரம் தெரிந்துவிடும். சப்பாத்திப் பலகை, காய் நறுக்கும் பலகை இவற்றில் ஸ்பிரிட், தின்னர் எதுவும் கூடாது. உப்புத்தாள் போட்டு, கழுவி, வெயிலில் காயவைத்தால் போதும்.

எந்தச் சாமானாக இருந்தாலும், கறையைப் பார்த்த அன்றே செய்வது நல்லது. நாள் ஆக ஆக மை கெட்டியாகும்.

உயிருக்கு ஆபத்து வரக்கூடாது

- ஸ்பிரிட், சானிடைசர், தின்னர் எல்லாம் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். நனைந்த பஞ்சை அடுப்புப் பக்கம் போடாதீர்கள்.
- ஸ்பிரிட்டோடு பிளீச்சிங் பவுடரைக் கலக்காதீர்கள். விஷ வாயு வரும்.
- ஹார்டுவேர் கடையில் விற்கும் ஸ்பிரிட்டிலும் தின்னரிலும் மெத்தனால் இருக்கலாம். அது குடித்தவர் கண்ணையும் உயிரையும் பறிக்கும் விஷம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எத்தனை பெண்கள் தனியாக நிற்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். மீதியைக் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

அந்த பீரோ என்ன ஆச்சு?

ஆசாரி வந்து பார்த்தார். இரண்டு கதவும் முழுதாகப் போட 1,500 ரூபாய் கேட்டார். அந்த இடத்துக்கு மட்டும் என்றால் 400 ரூபாய் என்றார். மாலைக்குள் திட்டு மறைந்துவிட்டது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

உறுப்பினர்கள் சிலர், "குழுப் பணத்துல குடுத்துடலாம்" என்றார்கள். வேண்டாம் என்றோம். பேனாவை விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். உங்கள் சேமிப்பு அதற்காக இல்லை. அக்கா வாங்க மறுத்தும், 400 ரூபாயை நாங்களே கொடுத்துவிட்டு வந்தோம். மருமகளிடமும் பேசினோம். அவர் கெடுக்க வேண்டும் என்று செய்யவில்லை, காப்பாற்றத்தான் பார்த்தார். இதை மாமியாரே அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். எங்களுக்கு அதுதான் பெரிய நிம்மதி.

இப்போது எங்கள் பயிற்சிப் பையில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. எத்தனை பேனா எடுத்துப் போனோமோ, அத்தனையும் எண்ணித்தான் திரும்ப வைக்கிறோம். எழுதி முடித்த சார்ட்டின் பின்பக்கத்தையும் இரண்டு கலர் சாக்பீஸையும் அந்த வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறோம். அந்தப் பேரன் இப்போது சார்ட்டில்தான் பஸ் ஓட்டுகிறான்.

உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். மர பீரோ, கட்டில், அலமாரி வைத்திருக்கும் உறுப்பினர்கள், அது எந்த வகைப் பூச்சு என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கறையை எடுக்கலாம், பாலிஷையும் மறுபடி போடலாம். குழந்தை முதுகில் விழுந்த அடியை மட்டும் எந்த ஸ்பிரிட்டாலும் துடைக்க முடியாது. அதனால் முதலில் பேனாவை வாங்கி வையுங்கள், பிறகு பஞ்சை எடுங்கள்.