பனிப்பெட்டியில் ஒரு கல்லீரல்

கொற்கை முத்துக்குப் பேர்போன நம் கடற்கரையில், முத்துக்குளிப்பு நடந்த நாட்களில், எடுத்த சிப்பிகளைக் கரையில் குவித்து அழுகவிடுவது வழக்கம். சதை அழுகிக் கரைந்தால்தான் முத்தைப் பொறுக்க முடியும். 1961-ஆம் ஆண்டோடு அந்தக் குளிப்பு நின்றுபோயிற்று. இன்று நம் மீன்பிடித் துறைமுகத்தில் நாம் காண்பது இதற்கு நேர்மாறு. மீன் கரையில் இறங்கியதுமே ஐஸை உடைத்துக் கொட்டி, சதை கெடாமல் வெளியூருக்கு அனுப்பிவிடுகிறார்கள். மீனுக்கு உயிரில்லை, ருசி கெடாதிருந்தால் போதும். உயிரோடு இருக்கவேண்டிய சதை ஒன்றை இப்படி அனுப்ப நேர்ந்தால் என்ன செய்வது?

கல்லீரல் மாற்றுச் சிகிச்சையில் டாக்டர்கள் சந்திக்கும் கேள்வி இதுவே. சிறுநீரகம் பழுதானவரை டயாலிசிஸ் இயந்திரம் ஆண்டுக்கணக்கில் தாங்கிப் பிடிக்கும். கல்லீரல் பழுதானவருக்கு அத்தகைய இயந்திரம் ஏதும் இல்லை. வேறொருவரின் கல்லீரல்தான் வேண்டும். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள அந்த உறுப்போ, இரத்த ஓட்டம் நின்றால் உடற்சூட்டில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

ஆகவே முதல் துணை குளிர்ச்சி. ஏறத்தாழ 4 டிகிரிக்குக் குளிர்ந்த கல்லீரலில் உயிரணுக்களின் வேலை பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அதன் பசியும் அந்த அளவுக்கு அடங்குகிறது. அப்படியானால் உறையவே வைத்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. உயிரணுவுக்குள் இருக்கும் நீர் பனிப் படிகமாகி அதன் சுவரைக் கிழித்துவிடும். அதனால்தான் கல்லீரலைக் குளிர்ந்த திரவத்தோடு பைக்குள் பை என்று வைத்து, வெளிப்புறத்தில் மட்டும் ஐஸ் நிரப்புகிறார்கள். ஐஸ் நேராக அதன்மேல் படுவதில்லை.

ஆனால் குளிர்ச்சியே ஒரு தொல்லையையும் கொண்டுவருகிறது. உப்பளங்களுக்கு நடுவில் வளரும் நமக்கு இது எளிதில் விளங்கும். நம் உப்பில் உள்ள சோடியம் உயிரணுவுக்கு வெளியே மிகுதி. உள்ளே பொட்டாசியம் மிகுதி. உள்ளே கசியும் சோடியத்தை இறைத்து வெளியேற்ற ஒரு பம்பு ஓயாமல் வேலை செய்கிறது. குளிரில் அந்தப் பம்பு சோர்ந்துவிடுகிறது. சோடியம் உள்ளே புகுகிறது, அதன் பின்னால் தண்ணீரும் புகுகிறது, உயிரணு ஊறிய பயறுபோல வீங்குகிறது.

அமெரிக்காவில் டாக்டர் தாமஸ் ஸ்டார்சல் 1963-இல் முதன்முதலாகக் கல்லீரலை மாற்றிப் பொருத்தினார். 1967-இல்தான் அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு குழந்தை ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தது. அதன் பின்னும் பல ஆண்டுகளுக்கு, எடுத்த கல்லீரலை ஆறு அல்லது எட்டு மணி நேரத்துக்கு மேல் நம்ப முடியவில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பெல்சரும் சௌதார்டும் உருவாக்கிய திரவம் 1987-இல் கல்லீரலுக்குப் பயன்பட்டபோதுதான் நிலைமை மாறியது. அதில் சோடியம் குறைவு, பொட்டாசியம் மிகுதி. பால் சர்க்கரையிலிருந்து செய்யப்படும் லாக்டோபயோனேட்டும், ராஃபினோஸ் என்ற சர்க்கரையும் அதில் உண்டு. இவை உயிரணுவுக்குள் நுழைய முடியாதபடி பருமனானவை. ஆகவே வெளியில் நின்றே தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. கொண்டைக்கடலை தின்றால் வயிறு உப்புகிறதே, அதற்குக் காரணமான சர்க்கரைகளில் ராஃபினோஸும் ஒன்று! வயிற்றை உப்பவைப்பது ஈரலை வீங்காமல் காப்பது வேடிக்கைதான்.

இப்போது கல்லீரல் 12 மணி நேரம்வரை தாங்குகிறது. நம் முத்துநகர் எக்ஸ்பிரஸ் சென்னை போய்ச் சேர ஓர் இரவு ஆகிறது. முன்னாள் கணக்குப்படி அந்தக் கல்லீரல் நடுவழியிலேயே வீணாகியிருக்கும். இருந்தாலும் சீக்கிரம் பொருத்துவதே நல்லது என்பதால் விமானத்தையும் ஆம்புலன்ஸையும் நாடுகிறார்கள். பொருத்தி முடித்து இரத்தத்தைத் திறந்துவிடுமுன் பழைய திரவத்தைக் கழுவி வெளியேற்ற வேண்டும். அதிலுள்ள பொட்டாசியம் மொத்தமாக இதயத்தை அடைந்தால் துடிப்பு நின்றுவிடக்கூடும்.

ஐஸே வேண்டாம் என்று சொல்வோரும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் உருவான ஓர் இயந்திரம் கல்லீரலுக்கு உடற்சூட்டிலேயே இரத்தமும் பிராணவாயுவும் ஊட்டுகிறது. 2013-இல் லண்டனில் அவ்வாறு காத்த கல்லீரலை முதன்முதலில் நோயாளிக்குப் பொருத்தினார்கள். ஸுரிக் நகர டாக்டர்கள் 2021-இல், மூன்று நாள் இயந்திரத்தில் வைத்திருந்த கல்லீரலைப் பொருத்தி வெற்றி கண்டார்கள். பெட்டியில் உறங்கும் கல்லீரல் நல்லதா கெட்டதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. இயந்திரத்தில் அது பித்தநீர் சுரப்பதைக் கண்ணால் பார்க்கலாம். எனக்கு இதுவே பெரிய வசதியாகப் படுகிறது.

பெட்டியோ இயந்திரமோ வருமுன் இன்னொரு காத்திருப்பு உண்டு. நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நான்கு டாக்டர்கள் ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து மூளைச்சாவை உறுதி செய்ய வேண்டும். பிறகு குடும்பத்தார் சம்மதிக்க வேண்டும். அதுவரை நெஞ்சு துடித்துக்கொண்டிருக்கும், உடல் சூடாக இருக்கும். பெற்ற தாயிடம் அந்நேரம் போய்க் கேட்பதை நினைத்துப் பாருங்கள். 2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த டாக்டர் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைத் தந்தார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் இப்படிக் கொடுப்போர் பெருகினார்கள். 2023 முதல், உறுப்புகளைத் தந்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறுகிறது.