துர்க்கா ரயில் பார்த்தாளா?

நல்ல நாவல் ஒன்றைப் படமாக்கினால், அதனால் சில வீடுகளிலே விவாதம் மூளுவது நிச்சயம். எங்கள் வீட்டிலும் மூண்டது. விபூதிபூஷண் வந்தியோபாத்தியாயரின் 'பதேர் பாஞ்சாலி' வங்காளத்தில் 1929-ல் புத்தகமாக வெளிவந்தது. அதைத் தமிழில் இருமுறை படித்தவள் என் மனைவி. சத்தியஜித் ராய் 1955-ல் அளித்த படத்தை மட்டும் பார்த்தவள் என் பெண்.

"கதையிலே துர்க்கா ரயிலைப் பார்க்காமலே கண்ணை மூடுகிறாள். படத்தில் அவளை ரயில் பார்க்க ஓட விட்டிருக்கிறார்களே! இது அநியாயமல்லவா?" என்றாள் மனைவி.

"பாவம், அதையாவது பார்த்துவிட்டுப் போகட்டுமே, அம்மா!" என்றாள் பெண்.

தீர்ப்புக் கூறும் பாரம் பள்ளிக்கூட ஆசிரியனான என் தலையில் விழுந்தது.

மாறுதல்கள் பல உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நாவலில், கிழவி இந்திர் டாக்ரூண் அப்பு சிறு குழந்தையாயிருக்கும்போதே இறந்துவிடுகிறாள். படத்திலோ அவன் விவரம் அறியும் வரையில் அவள் உயிரோடிருக்கிறாள். மூங்கில் தோப்பில் அவள் உயிரற்றுக் கிடப்பதைக் குழந்தைகளே காண்கிறார்கள். நாவல் காசிக்குச் சென்று, அங்கே தந்தை ஹரிஹரன் மறைந்த பின்னரும் தொடர்கிறது. படமோ குடும்பம் கிராமத்தை விட்டுப் புறப்படுவதோடு முடிந்துவிடுகிறது.

மற்றொரு மாறுதல் சிறியது, ஆனால் அழகியது. துர்க்கா இறந்த பின்னர், அவள் திருடி ஒளித்துவைத்த பொருள் அப்புவின் கையில் அகப்படுகிறது. நாவலில் அது பொன்னாலான குங்குமச் சிமிழ். அவன் அதை மூங்கில் புதரில் எறிகிறான். படத்தில் அது ஒரு கழுத்து மாலை. அதைக் குளத்தில் எறிகிறான். பாசி ஒரு கணம் விலகிப் பின்னர் மூடிக்கொள்கிறது. அக்காளின் குற்றத்தைத் தம்பி உலகத்துக்குக் காட்டாமல் மறைத்துவிட்டான் என்பதை நாவலாசிரியர் சொற்களால் உணர்த்துகிறார். ராய் அந்தப் பாசியைக் கொண்டே உணர்த்திவிடுகிறார். பொருளும் இடமும் மாறினாலும் கருத்து மாறவில்லை.

ரயில் விஷயத்துக்கு வருவோம். நாவலில் நோயாய்க் கிடக்கும் துர்க்கா, உடம்பு தேறியதும் தனக்கு ரயிலைக் காட்டும்படி தம்பியிடம் கேட்கிறாள். அந்த ஆசை நிறைவேறாமலே போகிறது. பின்னால் அப்பு ரயிலேறும்போது அவளை நினைத்துக்கொள்வது, படிப்பவர் நெஞ்சை அறுக்கும் இடம். படத்திலோ இருவரும் நாணற்பூக்களிடையே ஓடுகிறார்கள். ஆனால் கூர்ந்து பாருங்கள்: துர்க்கா வழியிலே தடுக்கி விழுகிறாள். தண்டவாளத்தருகே போய்ச் சேருகிறவன் அப்பு மட்டுமே! ஆகவே நாவலாசிரியர் மறுத்ததை ராய் முழுவதும் கொடுத்துவிடவில்லை என்பதே என் தீர்ப்பு.

மனைவி இத்தீர்ப்பை ஏற்கவில்லை. "புகையைக் கண்டாளே, அதுவே அதிகம்!" என்று கூறி, நாவலைப் பிரித்து உட்கார்ந்துவிட்டாள். சற்று நேரத்துக்கெல்லாம் பெண்ணும் பக்கத்திலே அமர்ந்து, "உரக்கப் படியேன், அம்மா" என்றாள்.