ஊறும் தீட்டும்: பௌத்த அடிப்படைக் கொள்கைகள் – ஓர் அறிமுகம்

வேலூர், ஆம்பூர் முதலிய ஊர்களை உள்ளிட்ட பாலாற்று வட்டாரம் தோல் பதனிடுதலுக்குப் பெயர் பெற்றதாகும். இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, வாணியம்பாடி ஆகியனவும் அத்தொழிலைச் சார்ந்த ஊர்களே. ஆவாரம்பட்டையைக் கொண்டு பதனிடும் பழைய முறையும், குரோம உப்பினைக் கொண்டு பதனிடும் பிற்கால முறையும் ஈண்டு வழங்கியுள்ளன. பச்சைத்தோலைக் கழுவியும் சுரண்டியும் உழைத்தோருட் பலர், இறந்த விலங்கைத் தீண்டுவோர் என்னும் காரணங்காட்டித் தீட்டுடையோர் என ஒதுக்கப்பெற்றனர். கொல்லாமையை முதற்சீலமாகக் கொண்ட பௌத்தம் இவ்வுழைப்பாளரை எவ்வாறு நோக்கும் என்பது எழத்தக்க வினா. அதற்கு விடை காண அச்சமயத்தின் அடிப்படைகளை முதற்கண் அறிதல் வேண்டும்.

பௌத்தர் அடைக்கலமாகக் கொள்வன புத்தர், தருமம், சங்கம் என்னும் மும்மணிகள். புத்தர் கண்டுணர்த்தியவை நான்கு வாய்மைகள்: துன்பம் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, அதனை நீக்கல் கூடும், நீக்கும் நெறியும் உண்டு. இந்நெறி நற்காட்சி தொடங்கி நல்லமைதி ஈறாக எட்டு உறுப்புக்களை உடையது. இல்லறத்தார் கொலை, களவு, பிறழ்ந்த காமம், பொய், கள் ஆகிய ஐந்தினையும் விலக்குவதாக உறுதி பூணுவர். இதுவே பஞ்சசீலம். முழுமதி முதலிய உவா நாட்களில் சிறப்பு நோன்பும் மேற்கொள்வர்.

துன்பத்தின் தோற்றத்தை விளக்கும் பன்னிரு சார்புகளைத் தமிழில் முறைப்படக் கூறுவது மணிமேகலையின் முப்பதாம் காதையாகும். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அறிவுறுத்தும் பகுதி அது. பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில் என்பன முதல் ஐந்து சார்புகள். அவற்றின்பின் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்பன தொடர்கின்றன. ஒன்று சார்பாக மற்றொன்று தோன்றும். ஒன்று மீள மற்றொன்றும் மீளும்.

இவற்றுள் ஆறாவதாகிய ஊறு ஈண்டு நம் கருத்திற்கு உரியது. ஊறு என்பது தொடுதல். தருமநூல் வழக்கில் அது புலன் பொருளொடு கூடுதலைக் குறிக்கும். தீட்டு என்னும் சொல்லும் தீண்டு என்பதனொடு உறவுடையதாகக் கருதப்படுவது. ஆயினும் இருசொற்களின் பொருளும் வேறு வேறு திசையிற் சென்றுள்ளன. தீட்டுக் கொள்கை தொடுதலிலேயே குற்றம் காண்கின்றது. பௌத்தமோ, ஊறு எல்லா உயிர்க்கும் பொதுவாக நிகழ்வது எனக் கொண்டு, அதன்வழி வந்த நுகர்வைப் பற்றி எழும் வேட்கையே கட்டுக்குக் காரணம் என்கின்றது.

வினைக்கு அச்சமயம் கூறும் இலக்கணமும் இதனையே வலியுறுத்தும். எண்ணமே வினை என்பது அங்குத்தர நிகாயத்தின் கொள்கை. உடலால் மூன்றும், சொல்லால் நான்கும், உள்ளத்தால் மூன்றும் எனத் தீவினை பத்தாக மணிமேகலை வகுக்கின்றது. அப்பத்தனுள் குலமும் இல்லை, தீண்டுதலும் இல்லை. பிறப்பினால் ஒருவன் இழிந்தோன் ஆகான், செயலினாலேயே ஆவான் என்பது சுத்தநிபாதத்து வசலசுத்தத்தின் கருத்து.

இனித் தொழிலை நோக்குவோம். உபாசகர் விலக்கற்குரிய வாணிகம் ஐந்து என அங்குத்தர நிகாயம் கூறும். அவை படைக்கலம், உயிர், ஊன், கள், நஞ்சு ஆகியவற்றின் வாணிகம். தோல் இப்பட்டியலில் இடம்பெறவில்லை. விநயபிடகத்து மகாவக்கத்தில் தோலைப் பற்றியதோர் இயலே உண்டு. அதன் பெயர் சம்மக்கந்தகம். நடைப்பயிற்சியால் அடி புண்பட்டுக் குருதி கசிந்த சோணர் பொருட்டு ஓரடுக்குச் செருப்பு இசைவு பெற்ற செய்தியும், எல்லைப்புற நாட்டுத் துறவியர்க்கு ஆடு, மான் முதலியவற்றின் தோல்விரிப்பு இசைவு பெற்ற செய்தியும் அதிற் காணப்படுகின்றன.

அவ்வியலிலேயே மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. அழகிய கன்றொன்றின் தோலைப் பிக்கு ஒருவர் விரும்பினார். அவர் விருப்பினை அறிந்த இல்லறத்தான் கன்றைக் கொன்று தோலை அளித்தான். தாய்ப்பசு அப்பிக்குவைத் தொடர்ந்து சென்றது. செய்தி அறிந்த புத்தர், கொலைக்குத் தூண்டுதலைக் கடிந்து, தோலைப் பயன்படுத்துதலையும் விலக்கினார். மேற்கூறிய எல்லைப்புற இசைவு இதன்பின் வருவதாகும். ஈண்டுக் கடியப்பட்டவர் தோலை விரும்பித் தூண்டியவர் என்பது நோக்கற்பாலது. கொன்றவன் குற்றமும் நீங்கியதன்று. ஆயினும் குற்றம் வேட்கையினின்று தொடங்குகின்றது.

இக்கொள்கை இவ்வட்டாரத்தை எட்டியது பழைய ஏடுகளின் வழி மட்டுமன்று. 1898-ஆம் ஆண்டு இருவகையால் நினைக்கத்தக்கது. உ.வே. சாமிநாதையரின் மணிமேகலைப் பதிப்பு அவ்வாண்டில் வெளிவந்தது. அயோத்திதாசப் பண்டிதர் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியதும் அவ்வாண்டிலேயே. அவர் 1907-இல் தொடங்கிய இதழ் பின்னர்த் ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. வட ஆர்க்காட்டினின்று பலர் குடிபெயர்ந்த கோலார் தங்கவயலிலும், ஆம்பூருக்கு அணித்தான திருப்பத்தூரிலும் அவ்வியக்கம் வேரூன்றியது. தீட்டுடையோர் எனப்பட்ட மக்கள், தம் முன்னோர் பௌத்தராயிருந்தமையாலேயே தாழ்த்தப்பட்டனர் என்னும் பண்டிதர் கொள்கையைப் பற்றுக்கோடாகக் கொண்டனர். அக்கொள்கையை வரலாற்றாசிரியர் அனைவரும் ஏற்பாரல்லர். ஆயினும் பிறப்பை விடுத்துச் சீலத்தை மதிப்பின் அளவாகக் கொண்டமை அவர்தம் வாழ்வில் மெய்யான மாற்றமாகும். 1956-இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் பௌத்தம் தழுவியது அவ்வழியில் நிகழ்ந்த பெருநிகழ்ச்சி.

தோற்றொழில் முற்றும் குற்றமற்றது என இதனாற் கொள்ளுதல் பொருந்தாது. தோற்சாலைக் கழிவால் பாலாறு கெட்டமை 1996-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பிற்கே பொருளாயிற்று. நஞ்சு வாணிகத்தை விலக்கிய அறம் ஆற்றில் நஞ்சு கலத்தலை ஒப்பும் எனக் கூறல் இயலாது. அவ்வறத்தின்படி வினவப்பட வேண்டியவர் தோலைத் தொட்ட தொழிலாளர் மட்டும் அல்லர். ஊதியம் வேட்டோரும் பொருளை வேட்டு வாங்குவோரும் ஆவர். மணிமேகலையின் முப்பதாம் காதையைப் பயிலும் மாணவர், ஊறு என்னும் சொல்லுக்குப் பொருளெழுதுங்கால் இவ்வேறுபாட்டையும் உளங்கொள்வாராக.