கொச்சியின் கற்களும் கயிறுகளும்

காலனித்துவ நகரொன்றின் தேவாலயங்களையும் நூதனசாலைகளையும் ஆட்சியாளரின் நினைவுச் சின்னங்களாக மட்டும் நோக்குதல் போதாது. கொச்சியை எடுத்துக்கொள்வோம். இன்று நூதனசாலையாக விளங்கும் மட்டாஞ்சேரி அரண்மனையைப் போர்த்துக்கேயர் கொச்சி மன்னனுக்குக் கட்டிக்கொடுத்தனர். ஒல்லாந்தர் திருத்தியமைத்தமையால் அது ‘ஒல்லாந்த அரண்மனை’ எனப் பெயர் பெற்றது. புனித பிரான்சிஸ் தேவாலயமும் அவ்வாறே கை மாறியது. 1524இல் வாஸ்கோடகாமா அடக்கஞ் செய்யப்பட்ட அக்கத்தோலிக்க ஆலயம், 1663இல் நகரைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபைக்குரியதாயிற்று. 1795இல் வந்த ஆங்கிலேயரின் கீழ் அங்கிலிக்கன் ஆலயமாயிற்று. போர்த்துக்கேய, ஒல்லாந்தக் கல்லறைக் கற்கள் அதன் சுவர்களிலே பதிந்துள்ளன. மேலே தொங்கும் துணிப் பங்காக்களின் கயிறுகளோ சுவருக்கு வெளியே செல்கின்றன. உள்ளே வழிபட்டோருக்குக் காற்று வீச, வெளியே நின்று அவற்றை இழுத்தவர்களைப் பற்றி அக்கற்கள் பேசுவதில்லை. கற்களோடு கயிறுகளையும் சான்றாகக் கொள்ளும்போதே நாம் அந்நகரின் வரலாற்றை முழுமையாக அறிவோம்.